லோப் ஒன்பது தடவ சாம்பியன் ஆனது காராலயா, ஆளாலயா?

பனிமலை: செபாஸ்டியன் லோப் 2004ல இருந்து 2012 வரைக்கும் வரிசையா ஒன்பது தடவ உலக ராலி சாம்பியன், அத்தனையும் சிட்ரோயன் கம்பெனி கார்லதான். ஆனா ஃப்ரெண்ட்ஸ்கிட்ட பேச்செடுத்தா "அப்போ அந்தக் காரு அப்படி, யார உக்கார வெச்சிருந்தாலும் ஜெயிச்சிருப்பான்"னு முடிச்சுடுறாங்க. எனக்கு மனசு ஒப்பல. ரெகுலரா பாத்தவங்க சொல்லுங்களேன்.

ஹேர்பின்: 2003 ரிசல்ட்ட எடுத்து காட்டுங்க ப்ரோ. அதே சிட்ரோயன் ஸாரா கார்ல இவரு, கார்லோஸ் சைன்ஸ், காலின் மெக்ரே மூணு பேரு. மத்த ரெண்டு பேரும் ஏற்கனவே உலக சாம்பியன். வருஷக் கடைசில பாயிண்ட்ஸ் லோப் 71, சைன்ஸ் 63, மெக்ரே 45. பெட்டர் சோல்பர்க்கிட்ட ஒரே ஒரு பாயிண்ட்ல டைட்டில் போச்சு. காரு ஒண்ணுதானே, அப்புறம் எப்படி இந்த வித்தியாசம்? அடுத்த வருஷம் ஸ்வீடன்ல பனில போய் ஜெயிச்சாரு, அதுக்கு முன்னாடி நார்டிக் நாட்டுக்காரங்களத் தவிர வேற யாரும் அங்க ஜெயிச்சதே இல்ல.

கிராவல்_ராஜா: என்னப் பொறுத்தவரை 2006தான் எல்லாத்துக்கும் மேல. சிட்ரோயன் கம்பெனியோட சொந்த டீம் அந்த வருஷம் கிடையாது, க்ரோனோஸ்னு ஒரு தனியார் டீம்தான் பழைய ஸாராவ ஓடவிட்டுச்சு, எதிர்ல போட்டிக்கு புது ஃபோர்டு ஃபோகஸ் கார்ல மார்கஸ் குரோன்ஹோம். லோப் ஓட்டினது 12 ராலி, அதுல 8 முதலிடம், 4 ரெண்டாமிடம், அதுக்குக் கீழ இறங்கவே இல்ல. அப்புறம் மவுண்டன் பைக்ல விழுந்து கை ஒடைஞ்சு கடைசி நாலு ராலி ஓட்ட முடியல, அப்பவும் இவருக்கு 112 பாயிண்ட், குரோன்ஹோமுக்கு 111னு டைட்டில் இவருக்கே வந்துச்சு. வேகமா ஓட்ட நெறைய பேரு இருக்காங்க, கார உருட்டாம ஒவ்வொரு தடவையும் முடிச்சுக் கொண்டாந்து நிறுத்துறதுதான் கஷ்டம்.

பேஸ்நோட்: காருக்குப் பங்கே இல்லன்னும் சொல்லிடாதீங்க, ஸாராவுக்கு அப்புறம் வந்த சிட்ரோயன் சி4 நிஜமாவே நல்ல காரு. ஆனா லோப்போட கோ-டிரைவர் டேனியல் எலேனாவ ஏன் யாரும் பேசல? ராலிக்கு முன்னாடி ஒவ்வொரு ஸ்டேஜையும், அதாவது நேரம் கணக்கு பண்ற ஒவ்வொரு ரோட்டுத் துண்டையும், மெதுவா ரெண்டே தடவதான் ஓட்டிப் பாக்க விடுவாங்க, அதுல டிரைவர் சொல்லச் சொல்ல கோ-டிரைவர் எழுதுற நோட்ஸ்தான் எல்லாமே, வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு கண்ணுக்குத் தெரியாது, காதுல விழுறத நம்பித்தான் ஆக்ஸிலேட்டர மிதிக்கணும். ஒன்பது டைட்டில்லயும் பக்கத்துல இருந்தது எலேனாதான்.

பனிமலை: அப்போ எலேனா இல்லாம ஜெயிச்சிருக்காரா?

பேஸ்நோட்: ம், 2022 மான்டி கார்லோ. ஃபோர்டு பூமா, பக்கத்துல இசபெல் கால்மிஷ், அவங்க கணக்கு டீச்சர். லோப்புக்கு அப்போ 47 வயசு. முன்னாடி போய்ட்டிருந்த செபாஸ்டியன் ஓஜியேக்கு கடைசிக்கு முந்தின ஸ்டேஜ்ல டயர் போச்சு, அது உண்மைதான், ஆனா அந்த நிமிஷம் வரைக்கும் அவர விடாம தொரத்திக்கிட்டு இருந்ததே இவருதானே. 10.5 செகண்ட்ல ஜெயிச்சாரு. காரும் வேற, கோ-டிரைவரும் வேற. இத உங்க ஃப்ரெண்ட்ஸ்கிட்ட சொல்லிப் பாருங்க.