டுரியான், அஞ்சு வெள்ளி, ஒரு பொய்

மலேசியாவில் பினாங்குத் தீவுக்கு வந்த முதல் மூன்று மாதம் எனக்கு உள்ளூர் நண்பர் என்று ஒருவர்கூடக் கிடையாது. பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை, அங்கிருந்து பத்து நிமிடத்தில் அடுக்குமாடி வீடு, வீட்டில் என்னோடு தமிழ்நாட்டிலிருந்து வந்த இன்னும் மூன்று பேர். ராத்திரி ரசம், ஞாயிற்றுக்கிழமை கோழி, மீதி நேரம் கிரிக்கெட். ஊரில் இருந்ததற்கும் இங்கே இருந்ததற்கும் ஒரே வித்தியாசம், இங்கே கரண்ட் போகாது.

இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். உள்ளூர்த் தமிழர்கள் பேசுவதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் நாலு பேரும் வீட்டில் உட்கார்ந்து சிரிப்போம். எங்கள் பிரிவில் டெக்னீஷியனாக இருக்கும் அண்ணன் ஒருவர் (பெயர் வேண்டாம், அண்ணன் என்றே இருக்கட்டும்) ஒருநாள் தொப்பலாக நனைந்து வந்து, "மோட்டார்ல வந்தேன் தம்பி, பாதி வழியில மழை புடிச்சிருச்சு" என்றார். தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்தவனுக்கு மோட்டார் என்றால் போர் கொட்டகையில் தண்ணீர் இறைப்பது. அதன்மேல் இவர் எப்படி உட்கார்ந்து வந்தார் என்று நான் முழித்த முழியை அவர் இன்னும் எல்லாரிடமும் நடித்துக் காட்டுகிறார். இங்கே மோட்டார் என்றால் பைக். ரிங்கிட் என்றால் வெள்ளி, சென் என்றால் காசு. காலையில் பார்த்தால் "பசியாறியாச்சா?" என்று கேட்பார்கள். முதல் தடவை கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது, நான் என்ன பட்டினியாகவா கிடக்கிறேன் என்று, "எனக்குப் பசியே இல்லண்ணே" என்று விறைப்பாகச் சொல்லிவிட்டேன். காலைப் பலகாரம் ஆயிற்றா என்றுதான் மனிதர் கேட்டிருக்கிறார்.

ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை (கிழமைதான், காசு இல்லை) வேலை முடிந்து கிளம்பும்போது, "இந்த சனி ஞாயிறு என்னா வேலை?" என்றார் அண்ணன். துணி துவைக்கணும் என்றேன். "துணி ஓடியா போகுது, வா" என்று காரில் ஏற்றிக்கொண்டார். அண்ணி முன் சீட்டில் இருந்தார். நேரே ஜார்ஜ் டவுன், கேம்பல் தெரு, 1907லிருந்து நடக்கும் ஹமீதியா கடையில் நாசி கண்டார்.

நாசி என்றால் மலாயில் சோறு. கண்டார் என்பது தோளில் வைத்துத் தூக்கும் கம்பு. தமிழ் முஸ்லிம்கள் அந்தக் காலத்தில் கம்பின் ஒரு முனையில் சோற்றையும் மறுமுனையில் குழம்பையும் தொங்கவிட்டுத் துறைமுகத் தொழிலாளிகளுக்கு நடந்தே விற்றிருக்கிறார்கள். காவடி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இதையெல்லாம் அண்ணன் வரிசையில் நிற்கும்போதே சொன்னார். எனக்குக் காதில் பாதிதான் ஏறியது, ஏனென்றால் முன்னால் நின்றவர் தட்டில் கடைக்காரர் கோழிக் குழம்பு, மீன் குழம்பு, பருப்பு, இன்னும் என்னவோ ஒன்று, எல்லாவற்றையும் ஒரே சோற்றின் மேல் ஊற்றிக்கொண்டிருந்தார். சாம்பார் முடிந்து ரசம், ரசம் முடிந்து மோர் என்று பாத்தி கட்டிச் சாப்பிட்டு வளர்ந்தவன் நான். "எனக்குத் தனித்தனியா" என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அண்ணன் பின்னாலிருந்து "பஞ்சிர்!" என்று கத்திவிட்டார். பஞ்சிர் என்றால் வெள்ளம். தட்டில் நிஜமாகவே வெள்ளம்தான். கோபத்தோடு முதல் வாய் வைத்தேன், இரண்டாவது தடவை சோறு வாங்கினேன். அதற்குமேல் சொல்ல எதுவும் இல்லை.

சனிக்கிழமை விடியற்காலை தெலுக் கும்பார் வழியாக பாலிக் பூலாவ். அந்தப் பெயருக்கே தீவின் மறுபக்கம் என்றுதான் அர்த்தம். பினாங்கு என்றால் பாலமும் மாடிக் கட்டடமும் என்று நினைத்திருந்தேன், மலையைச் சுற்றிப் பத்து வளைவு திரும்பியதும் ஜாதிக்காய் மரமும் டுரியான் தோப்புமாக வேறொரு ஊர். தோப்புக்காரர் சீனர், அறுபது வயதுக்கு மேல் இருக்கும், கால்சட்டை, பனியன், தலையில் மோட்டார் ஹெல்மெட். என்னைப் பார்த்து, "வாங்க தம்பி, என்னா இவ்ளோ ஒல்லியா இருக்கீங்க, கம்பெனியில சோறு போடறதில்லையா?" என்றார். சுத்தத் தமிழ். எனக்குப் பேச்சு வரவில்லை. அவருடைய அப்பா பக்கத்து மாநிலமான கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தாராம், தோட்டத்துப் பிள்ளைகளோடு கோலி விளையாடி வந்த தமிழ். இந்தத் தோப்பு மனைவி வழிச் சொத்து. அண்ணன் அவரைத் "தவுக்கே" என்று முதலாளி பட்டம் கொடுத்துக் கிண்டலாகக் கூப்பிட, அவர் பதிலுக்கு அண்ணனைக் "கங்காணி" என்றார். நான் அங்கிள் என்று வைத்துக்கொண்டேன்.

முள்ளுத் தோல் போட்ட இந்த டுரியான் பழத்தைப் பறிக்க மாட்டார்கள், தெரியுமா? பழுத்துத் தானே விழ வேண்டும். பெரும்பாலும் ராத்திரியிலும் விடியற்காலையிலும் விழும். அதற்காக மரத்தடியில் வலை கட்டி வைத்திருக்கிறார்கள். நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடப்பதைக் கண்டு, "பயப்படாத தம்பி, டுரியானுக்குக் கண்ணு இருக்கு, மனுசன் மேல விழாது" என்றார் அங்கிள். "அப்புறம் நீங்க ஏன் அங்கிள் ஹெல்மெட்?" என்று கேட்டதற்கு, "சில பழத்துக்குப் பார்வை சரியில்ல" என்றார்.

சாப்பிடுவதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார் மனுஷன். முதலில் வெறும் இனிப்பாக இருக்கும் பழம். அப்புறம் ஆங் ஹே, சதை செம்மஞ்சளாக இறால் மாதிரி வளைந்திருக்கும், பெயரே சிவப்பு இறால்தான். கடைசியில் ஹோர் லோர், அது கசப்பு. முதலிலேயே கசப்பைத் தின்றுவிட்டால் மற்றதெல்லாம் சப்பென்று ஆகிவிடும் என்கிறார். மணத்தைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள், நான் விடுகிறேன். ருசிதான் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பாலாடையில் வெங்காயம் வதக்கிப் போட்ட மாதிரி, அது எப்படி நன்றாக இருக்கும் என்று கேட்டால் பதில் இல்லை, ஆனால் இருந்தது. ஹோர் லோர் மட்டும் முதல் சுளை தொண்டையில் நின்றது. இரண்டாவது சுளையை நானாகத்தான் எடுத்தேன்.

டுரியான் சூடு, அதனால் அதன் பின்னால் மங்குஸ்தான் சாப்பிட வேண்டும், அது குளிர்ச்சி. இந்தச் சூடு குளிர்ச்சிக் கணக்கில் சீனரும் தமிழரும் ஒரே கட்சி, எங்கள் பாட்டியும் அங்கிளும் உட்கார்ந்தால் ஒரு பகல் முழுக்கப் பேசுவார்கள். டுரியான் தோட்டின் குழியில் தண்ணீர் ஊற்றிக் குடிக்கச் சொன்னார், வாய் நாற்றம் போய்விடுமாம். போகவில்லை. அப்புறம் ஒரு மங்குஸ்தானைக் கையில் வைத்துக்கொண்டு, "உள்ள எத்தனை சுளைன்னு சொல்லு பார்ப்போம், அஞ்சு வெள்ளி பந்தயம்" என்றார். நான் ஐந்து என்றேன். அவர் பழத்தைப் புரட்டிப் பார்த்து ஏழு என்றார். உடைத்தால் ஏழு. இன்னொரு பந்தயம், இந்தத் தடவை நான் ஏழு என்றேன், அவர் ஆறு, ஆறேதான். பத்து வெள்ளி காலி. அண்ணி சிரிப்பை அடக்க முடியாமல் தோப்புக்குள் போய்விட்டார். பழத்தின் அடியில் சின்னதாகப் பூ மாதிரி ஒரு தடம் இருக்கிறது, அதில் எத்தனை இதழோ உள்ளே அத்தனை சுளை. பத்து வெள்ளிக்குப் பிறகுதான் இதைச் சொன்னார். காசை நீட்டினால் வாங்கவில்லை. "கடனா இருக்கட்டும்" என்றார்.

ஒரு பழத்தை வீட்டுக்குக் கொண்டுபோனேன். வாசலில் நோட்டீஸ் ஒட்டியிருந்ததை அன்றைக்குத்தான் கவனித்தேன், முள்ளு முள்ளாகப் பழம் வரைந்து குறுக்கே சிவப்புக் கோடு. காவலாளியிடம் மாட்டி, அவரும் நானும் வெளியே குப்பைத்தொட்டி பக்கத்தில் உட்கார்ந்து தின்று முடித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனின் அம்மாவைப் பார்க்க, பாலம் தாண்டிக் கெடாவில் இருக்கும் சுங்கைப்பட்டாணி. பாலத்தில் ஏறியதும் வலது பக்கம் பச்சையாக ஒரு சின்னத் தீவு, ஜெரஜாக். தொழிற்சாலைக்குப் போகும்போது தினமும் பார்ப்பதுதான், என்ன தீவு என்று நான் யாரையும் கேட்டதே இல்லை. "எங்க தாத்தா காலு வச்ச முதல் இடம் அதான்" என்றார் அண்ணன். கப்பலில் வந்தவர்களுக்கு அம்மை, காலரா இருக்கிறதா என்று அங்கே இறக்கி வைத்துப் பார்த்துத்தான் அனுப்புவார்களாம். தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியபோது சின்னப் பையன், அவருடைய அப்பா அம்மாவோடு வந்திருக்கிறார், 1938ல் இந்திய அரசாங்கம் தோட்டக் கூலிகளை அனுப்புவதை நிறுத்துவதற்குக் கொஞ்சம் முன்னால்.

அம்மாவுக்கு எழுபத்தைந்து வயது. போனதும் "பசியாறுங்க" என்று தோசையும் நெத்திலி சம்பலும் வைத்தார். இந்தத் தடவை எனக்கு அர்த்தம் தெரியும், ஆறு தோசை. சாப்பிட்டு முடிந்ததும் அவர் தோட்டத்துக் கதையை ஆரம்பித்தார். இருட்டோடு எழுந்து பெரட்டுக்குப் போக வேண்டும், பெரட்டு என்றால் ஆள் கணக்கெடுப்பு. பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு மலைக்காடு ஏறிப் பால்மரம் வெட்ட வேண்டும். வெயில் வந்தால் பால் நின்றுபோகும், அதனால்தான் அந்த இருட்டு. அப்புறம் மரத்தில் பால் வடியும் கிண்ணங்களிலிருந்து, மங்கு மங்காகப் பாலை வாளியில் சேர்த்து, இரண்டு வாளியையும் காண்டாவில் மாட்டித் தோளில் தூக்கி ஸ்டோருக்கு நடக்க வேண்டும். காண்டா என்றதும் நான் அண்ணனைப் பார்த்தேன். "அதேதான் தம்பி, நாசி கண்டார்ல வர்ற கண்டார்" என்றார். வெள்ளிக்கிழமை வரிசையில் நின்று பாதிக் காதில் வாங்கிய சங்கதி. அம்மா சட்டைக் கழுத்தைக் கொஞ்சம் விலக்கித் தோளைக் காட்டினார், எலும்புக்குப் பக்கத்தில் தோல் காய்த்துக் கறுத்திருந்தது. வேலையை விட்டுப் பல வருடம் ஆகியும் அது போகவில்லை.

"மழைதான் எங்களுக்குச் சனியன்" என்றார். மரப்பட்டை நனைந்தால் வெட்ட முடியாது, வெட்டாத நாளுக்குக் கூலி கிடையாது. மழைக்காகக் கோயிலில் பொங்கல் வைக்கிற ஊர்க்காரன் நான், அவர் சொன்னதை விழுங்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. இப்போது அந்தத் தோட்டமே இல்லை. பாதி செம்பனை (எண்ணெய்ப் பனை), பாதி வீட்டு மனை.

பிறகு என் ஊரைக் கேட்டார். சொன்னேன். முகம் மலர்ந்து, அவருடைய அப்பா பிறந்த கிராமத்தின் பெயரைச் சொன்னார். "குடி" என்று முடியும் பெயர். எங்கள் பக்கம் கல்லை விட்டெறிந்தால் ஏதாவது ஒரு குடியில்தான் விழும். எனக்குத் தெரியாத ஊர். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு தெரியாது என்று சொல்ல வரவில்லை. "தெரியும்மா, எங்க ஊருக்குப் பக்கம்தான்" என்றேன். "குளத்தங்கரையில ஒரு அரசமரம் இருக்குன்னு அப்பா சொல்லும், இருக்கா?" "இருக்கும்மா." "அடியில புள்ளையார்?" "இருக்கார்மா." பக்கத்தில் அண்ணி தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே தலையைக் குனிந்துகொண்டார். புள்ளையாருக்கு மேடை கட்டியிருக்கிறார்கள், டைல்ஸ் போட்டிருக்கிறார்கள் என்று நான் வேறு சேர்த்துச் சொன்னேன். பொய்யில் இறங்கிவிட்டால் எனக்கு அளவே தெரியாது.

கிளம்பும்போது வறுத்த நெத்திலி ஒரு டப்பா கொடுத்தார். திரும்பும் வழியில் பாலத்துக்கு முன்னால் நெரிசலில் வண்டி நின்றது. அண்ணன் ரொம்ப சாதாரணமாக, "அந்த ஊரு உனக்குத் தெரியாதுதானே?" என்றார்.

நான் பேசவில்லை.

"உனக்கு முன்னாடி கம்பெனியிலேருந்து ரெண்டு பேர கூட்டிட்டுப் போயிருக்கேன். ஒருத்தன் கோயம்புத்தூர், இன்னொருத்தன் திருநெல்வேலி. ரெண்டு பேருமே அரசமரம் இருக்குன்னுதான் சொன்னானுங்க. அம்மாவுக்குத் தெரியாதுன்னா நெனைக்கிற?"

"டைல்ஸ் போட்டது நீ மட்டும்தான் தம்பி" என்றார் அண்ணி.

அன்று ராத்திரி வரைபடத்தில் தேடினேன். அந்தப் பெயரில் எங்கள் பக்கம் மட்டும் மூன்று ஊர் இருக்கிறது. அப்பாவுக்கு போன் போட்டு விசாரிக்கச் சொன்னேன், அவர் கேட்ட முதல் கேள்வி "எந்தத் தாலுகாடா?" கேட்டு வைக்கவில்லை. வருகிற சனிக்கிழமை மறுபடியும் சுங்கைப்பட்டாணி போகிறோம், இந்தத் தடவை கையில் நோட்டும் பேனாவும் கொண்டுபோகிறேன். ரூமில் இருக்கும் மூன்று பேரும் வருகிறார்கள். போகும் முன்னால் பாலிக் பூலாவில் அங்கிளுக்குப் பத்து வெள்ளி கொடுக்க வேண்டும், அவர் வாங்க மாட்டார், இருந்தாலும்.