நாலு வயசுப் பொண்ணை சைக்கிள்ல ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போகலாமா? (மயிலாப்பூர் – மந்தைவெளி)

குளத்தங்கரை: வீடு மயிலாப்பூர் தெப்பக்குளம் பக்கம். பொண்ணு எல்.கே.ஜி., 16 கிலோ. ஸ்கூல் மந்தைவெளியில. ஆட்டோவுக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகலை. ஸ்கூட்டி ஓட்ட வராது, சைக்கிள் சின்ன வயசுல இருந்தே பழக்கம். மாமியார்தான் "மெட்ரோக்காரன் ரோட்டைப் பாதியாக்கி வச்சிருக்கான், இதுல புள்ளைய வேற உக்கார வச்சுக்கிட்டா?"ன்னு ஒரே சண்டை. கடையில பார்ல மாட்டுற முன்சீட் காட்டினாங்க. வாங்கலாமா? ஹெல்மெட் கட்டாயமா?

ராயப்பேட்டை ராஜா: வேண்டாம் சிஸ்டர். வேன்ல விடுங்க.

டபுள்ஸ் அப்பா: ராஜா அண்ணே, வேனுக்குள்ள எத்தனை பிள்ளைங்களை அடைக்கிறாங்கன்னு எட்டிப் பார்த்திருக்கீங்களா?

தங்கச்சி, நான் அடையாறுல பையனை வச்சு ஓட்டுறவன். 16 கிலோவுக்கு முன்சீட் வேண்டாம். ஐரோப்பியத் தரத்துல (ஈ.என். 14344) முன்சீட்டுக்கு 15 கிலோதான் உச்சம், பின்சீட்டுக்கு 22. கடைக்காரர் "எல்லாம் தாங்கும் மேடம்"னுதான் சொல்வார். பின்சீட்ல முதுகுச் சாய்மானம், தோள் பெல்ட், காலை வச்சுக் கட்டுற இடம் மூணும் பாருங்க. காலுதான் எனக்குப் பெரிய பயம். வெறும் கேரியர்ல உட்கார்ந்த பிள்ளை கண்ணசந்தா குதிகால் நேரா ஸ்போக்ஸுக்குள்ள போயிடும். லேடீஸ் சைக்கிள்ல புடவை சிக்காம வலை போடுவாங்களே, அதை ரெண்டு பக்கமும் போடச் சொல்லுங்க.

இனி ரோடு. "ஓரமா போ, ஓரமா போ"ன்னே நம்மளை வளர்த்துட்டாங்க. அந்த ஓரத்துலதான் மணல், வடிகால் மூடி, படக்குன்னு திறக்குற கார் கதவு எல்லாம் இருக்கு. நிக்கிற வண்டியில இருந்து ஒரு கதவு அகலம் தள்ளியே ஓட்டுங்க. ஹாரன் அடிக்கிறவன் அடிக்கட்டும். பஸ்ஸுக்கு இடப்பக்கம் மட்டும் நுழையவே நுழையாதீங்க. ஸ்டாப் வந்தா டிரைவர் அந்தப் பக்கம்தான் ஒதுக்குவார், ஒட்டி வர்ற சைக்கிள் அவர் கண்ணுக்குத் தெரியாது. விசில் அடிச்சு பஸ் கிளம்புற வரைக்கும் பின்னாடியே நில்லுங்க. ஆர்.கே. மடம் ரோட்டுல மெட்ரோ தடுப்பு நெருக்குற இடத்துல இறங்கித் தள்ளுங்க, இல்லேன்னா உள்தெரு வழியா சுத்திப் போங்க. பொண்ணு இல்லாம ஒரு நாள் ஸ்கூல் நேரத்துலயே அந்த வழியில ஓட்டிப் பாருங்க.

ஹெல்மெட் சைக்கிளுக்குச் சட்டப்படி கட்டாயம் இல்லை. 2023 பிப்ரவரியில அமலுக்கு வந்த விதி, மோட்டார் பைக்ல போற 9 மாசம் முதல் 4 வயசு வரை உள்ள பிள்ளைங்களுக்கு: ஹெல்மெட், பெல்ட், மணிக்கு 40 கி.மீ. வேகத்துக்கு மேல போகக் கூடாது. வேடிக்கை என்னன்னா, அதுலயே சைக்கிள் ஹெல்மெட்டும் போடலாம்னு இருக்கு. நான் போடாம கிளம்ப மாட்டேன்.

நைட் ட்யூட்டி நர்ஸ்: அக்கா, ஹெல்மெட் புருவத்துக்கு ரெண்டு விரல் மேல உட்காரணும். உச்சிக் கொண்டை போட்டா உட்காராது, ரெட்டைப் பின்னலே போடுங்க. உங்க துப்பட்டாவையும் அவ வாட்டர் பாட்டில் வாரையும் பின்னால தொங்க விடாதீங்க, சக்கரம் இழுத்துடும்.

குளத்தங்கரை: பின்சீட்டே பார்க்கிறேன். ஸ்கூல் பை எங்க வைக்கிறது? அதுவே அவ பாதி வெயிட்.

டபுள்ஸ் அப்பா: முன்கூடையில. ஆனா பொண்ணை முதல்ல இறக்கிட்டு அப்புறம் பையை எடுங்க. சைடு ஸ்டாண்டை நம்பி அவளை மேலயே விட்டுட்டு கேட் திறக்கப் போகாதீங்க.