மியூச்சுவல்தானே, ஒரு கையெழுத்துதானே என்றார்கள்

திருச்சி, பள்ளி ஆசிரியை

போன மாதம் எனக்கு டிகிரி கைக்கு வந்தது. பி.எட். இல்லை, விவாகரத்து டிகிரி, இருவரும் சம்மதித்து கோர்ட்டில் வாங்குகிற 'மியூச்சுவல்'. இரண்டு வருடமாக யாரிடமும் வாய்விட்டுக் கேட்க முடியாமல், ராத்திரியில் போனை வைத்துக்கொண்டு தேடித் தேடிப் படித்தவள் நான். அதனால் எனக்கு நடந்ததை எழுதுகிறேன். நீங்களும் எழுதுங்கள். யார் மேல் தப்பு என்ற கதை வேண்டாம். வக்கீலிடம் என்ன நடந்தது, ஒப்பந்தத்தில் என்ன எழுதினீர்கள், எது விட்டுப்போனது, அது போதும்.

நாங்கள் இருவரும் சண்டை போட்டு ஓய்ந்த பிறகுதான் வக்கீலிடம் போனோம். தொகையைக்கூட இரண்டு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி முடித்திருந்தார்கள். முதலில் பார்த்த வக்கீல் ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார். "மியூச்சுவல்தானேம்மா, இப்ப ஒரு கையெழுத்து, ஆறு மாசம் கழிச்சு இன்னொரு கையெழுத்து." அவருடைய குமாஸ்தா அடித்துக் கொடுத்த ஒப்பந்தம் ஒன்றரைப் பக்கம். நகையைப் பற்றி அதில் ஒரே வரி: 'மனுதாரர்கள் தத்தம் உடைமைகளைப் பரஸ்பரம் பெற்றுக்கொண்டனர்.' அன்றைக்கு என் நகை முழுவதும் மாமியார் பெயரில் இருந்த லாக்கரில் இருந்தது. அதில் கையெழுத்துப் போட்டிருந்தால், வாங்காததை வாங்கிக்கொண்டேன் என்று நானே எழுதிக் கொடுத்த மாதிரி.

அந்தத் தாளை என் சித்தி பிடுங்கிக்கொண்டு, தனக்குத் தெரிந்த வக்கீலம்மா ஒருவரிடம் என்னைக் கூட்டிப்போனார். அறுபது வயதிருக்கும். படித்துப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "கல்யாண ஆல்பம் இருக்கா?"

இரண்டு ஆல்பத்தையும் தூக்கிக்கொண்டு மறுநாள் போனேன். பரணிலிருந்து இறக்கும்போதே அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். வக்கீலம்மா மேசையில் விரித்து ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். முகூர்த்தப் படத்தில் என் கழுத்தின் மேல் விரலை வைத்து, "இது ஆரமா, நெக்லஸா? எத்தனை பவுன்? யார் போட்டது?" பக்கத்தில் ஜூனியர் பெண் மூன்று கட்டம் போட்டு எழுதிக்கொண்டே வந்தாள்: பிறந்த வீட்டில் போட்டது, புகுந்த வீட்டில் போட்டது, மொய்யில் வந்தது. ஒட்டியாணம் வந்தபோது நான் பேசாமல் இருந்தேன். அது கவரிங். அவர்கள் வீட்டில் தங்கம் என்றுதான் சொல்லியிருந்தோம். மெதுவாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஜூனியரிடம், "கவரிங், கணக்குல சேர்க்காதே" என்றார். நாங்கள் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த 45 பவுன், எழுதி முடித்தபோது 38 பவுனாக இருந்தது.

பெண்ணுக்குப் போட்ட நகையும் சீரும் அவளுடைய சொந்தச் சொத்து, புகுந்த வீட்டில் இருந்தால் பாதுகாப்புக்கு இருக்கிறது என்றுதான் அர்த்தம் என்று உச்ச நீதிமன்றம் 1985லேயே சொல்லிவிட்டதாம். ஆனால் சட்டம் இருந்து என்ன, எத்தனை பவுன் என்று எழுதியிருந்தால்தானே கேட்க முடியும்? மனுவில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், வக்கீலம்மா ஆபீசிலேயே, நகைக்கடையிலிருந்து வரவழைத்த தராசில் ஒவ்வொன்றாக நிறுத்து, படம் எடுத்து, பட்டியலில் இருவரும் கையெழுத்துப் போட்டோம். எனக்கு அன்றைக்கு அசிங்கமாக இருந்தது. இப்போது இல்லை.

கோர்ட்டில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கவுன்சலிங், வாய்தா, அப்புறம் ஜட்ஜ் தனித்தனியாகக் கூப்பிட்டு "யாராவது வற்புறுத்தினாங்களா?" என்று கேட்டார். நாங்கள் பிரிந்து ஏற்கெனவே இரண்டு வருடம் ஆகிவிட்டதால், ஆறு மாதக் காத்திருப்பைத் தள்ளுபடி செய்யக் கேட்டுத் தனி மனு போட்டார் வக்கீலம்மா. அந்த ஆறு மாதம் கட்டாயமில்லை என்று 2017ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. ஆனால் கேட்டவுடன் கொடுத்துவிடுவதில்லை. பிரிந்து போதுமான காலம் ஆகியிருக்க வேண்டும், சேர்த்துவைக்கும் முயற்சி தோற்றிருக்க வேண்டும், பணம், குழந்தை எல்லாம் பேசி முடிந்திருக்க வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது.

கோயம்புத்தூர், ஐ.டி. வேலை

அக்கா, உங்கள் முதல் வக்கீலின் தம்பிதான் எனக்குக் கிடைத்தார் போலிருக்கிறது.

எங்களுக்கு நகைப் பிரச்சினை இல்லை, குழந்தை இல்லை. ஒரே ஒரு பிளாட். இரண்டு பேர் பெயரிலும் பத்திரம், இரண்டு பேர் பெயரிலும் லோன். என் பாதியை அவளுக்கு விட்டுக்கொடுப்பது, மிச்ச லோனை அவள் கட்டுவது என்று பேச்சு. ஒப்பந்தத்தில் 'விவாகரத்து ஆணை கிடைத்தபின் மாற்றிக் கொடுப்பார்' என்று எழுதினார் வக்கீல். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது, முதலில் டிகிரி வரட்டும், அப்புறம் வீடு.

டிகிரி வாங்கிக்கொண்டு 2024ல் பத்திர ஆபீஸ் போனோம். பத்திரம் எழுதுகிறவர் கேட்டார், "இவங்க உங்களுக்கு என்ன உறவு?" அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. புருஷன் பெண்டாட்டிக்கு எழுதிக் கொடுத்தால் அது குடும்பத்துக்குள் செய்யும் தான செட்டில்மென்ட். முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதுவும் 40,000 ரூபாய்க்கு மேல் போகாது. பதிவுக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 10,000. டிகிரி வந்த மறுநாளிலிருந்து நாங்கள் குடும்பம் இல்லையே! கிரயமாக எழுதினோம், முத்திரைத் தீர்வை 7ம் பதிவுக் கட்டணம் 2ம் சேர்த்து ஒன்பது சதவீதம். என் பாதியின் மதிப்பு 30 லட்சம். முத்திரைக்கு 30,000, பதிவுக்கு 10,000 என்று 40,000 ரூபாயில் முடிந்திருக்க வேண்டியதற்கு 2,70,000 ஆனது. யார் கட்டுவது என்று மறுபடி சண்டை. பிரிந்த பிறகு போட்ட முதல் சண்டை.

இரண்டாவது, பேங்க். ஒப்பந்தத்தில் நாங்கள் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம், பேங்க் அதில் கையெழுத்துப் போடவில்லை. அவள் தவணை கட்டத் தவறினால் என் சிபில் (கடன் மதிப்பெண்) தான் அடிவாங்கும் என்றார் மேனேஜர். அவள் தனியாக வேறு லோனுக்கு மாறும்வரை எட்டு மாதம், ஒவ்வொரு ஐந்தாம் தேதியும் தவணை போய்விட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஒரு மாதம்கூடத் தவறவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

நாகர்கோவில்

எனக்கு ரெண்டே வரி. நீங்கள் எல்லாரும் சொல்வது இந்து திருமணச் சட்டம், அதில் பிரிந்து ஒரு வருஷம் ஆனால் மனு போடலாம். நாங்கள் கிறிஸ்தவர்கள், விவாகரத்துச் சட்டத்தில் 10ஏ பிரிவு, புத்தகத்தில் இரண்டு வருஷம் என்றுதான் இருக்கிறது. நாங்கள் காத்திருந்தோம். கத்தோலிக்கர் என்றால் கோர்ட் டிகிரியை வைத்துக்கொண்டு மறுபடி கோயிலில் கல்யாணம் செய்ய முடியாது, திருச்சபையின் மறைமாவட்ட நீதிமன்றத்தில் தனியாக மனு போட வேண்டும். என் வக்கீல் சொன்னார், என் அம்மாதான் நம்பவில்லை.

மதுரை, சொந்தத் தொழில்

எங்கள் கதையில் போலீஸ் கேசும் உண்டு. 498ஏ, மனைவியைக் கொடுமைப்படுத்தியதாக. என் அப்பா அம்மா இருவர் பெயரும் அதில். (இப்போது அது புதிய சட்டத்தில் 85ம் பிரிவு. எங்களுடையது பழையது.)

சமரசம் பேசும்போது 'மனைவி தன் புகாரை வாபஸ் பெறுவார்' என்று எழுதலாம் என்றார்கள். என் வக்கீல் பேனாவை மூடி வைத்துவிட்டார். "வாபஸ்னு ஒண்ணு இந்தக் கேசுல கிடையாதுப்பா. அவங்க வேண்டாம்னு சொன்னா மட்டும் கேஸ் போகாது. நாம ஐகோர்ட் கிளைல போய் ரத்து பண்ணித்தான் ஆகணும். அன்னிக்கு அவங்க நேர்ல வந்து, எனக்கு ஆட்சேபணை இல்லைன்னு சொல்லணும்." அதனால் வரியை மாற்றி எழுதினார். ரத்து மனுவுக்கு மனைவி பிரமாணப் பத்திரம் தர வேண்டும், மதுரைக் கிளையில் ஆஜராக வேண்டும்.

பணத்தையும் அதோடு முடிச்சுப் போட்டார். முதல் கையெழுத்தன்று மூன்றில் ஒரு பங்கு, கேஸ் ரத்தான அன்று ஒரு பங்கு, இரண்டாவது கையெழுத்தன்று கோர்ட்டிலேயே டிடியாக மிச்சம். அந்தப் பக்கத்து வக்கீலும் இதைத்தான் விரும்பினார், அவர்களுக்கும் பயம் இருக்கும் இல்லையா. டிகிரி வரும் நிமிடம் வரை யாரும் சம்மதத்தை மாற்றிக்கொள்ளலாம். என் நண்பன் ஒருவன் முழுத்தொகையையும் முதல் நாளே கொடுத்துவிட்டு, இரண்டாவது கையெழுத்துக்கு ஆள் வராமல் ஒன்றரை வருடம் அலைந்தான்.

தஞ்சாவூர், ஓய்வு பெற்றவர்

நான் பெண்ணின் தகப்பன். என் மகளுக்காக எழுதுகிறேன். அவள் எழுத மாட்டாள்.

பேரன் எங்களிடம். ஒப்பந்தத்தில் 'தந்தை அவ்வப்போது குழந்தையைப் பார்த்துக்கொள்ளலாம்' என்று இருந்தது. அந்த 'அவ்வப்போது' எங்களைப் படுத்திய பாடு! மாப்பிள்ளைக்கு அவ்வப்போது என்றால் ஞாயிறுதோறும். என் மகளுக்கு அவ்வப்போது என்றால் பொங்கலுக்குப் பொங்கல். ஒரு தீபாவளி காலையில் வாசலில் வந்து நின்றார், கையில் பட்டாசுப் பெட்டி. பையன் உள்ளே எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான். நான்தான் கதவைத் திறக்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சரியாக இல்லை.

பிறகு மறுபடி மனு போட்டு மாற்றினோம். குழந்தை விஷயத்தில் டிகிரிக்குப் பிறகும் கோர்ட் உத்தரவை மாற்றலாம். இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை, காலை பத்து முதல் மாலை ஐந்து. தீபாவளி ஒரு வருடம் இங்கே, மறு வருடம் அங்கே. கோடை விடுமுறையில் பத்து நாள். பள்ளிக் கட்டணத்தோடு வேன் கட்டணமும் சேர்ந்ததா என்பதுகூட எழுதியாகிவிட்டது, ஏனென்றால் அதற்கும் ஒரு தடவை வக்கீல் நோட்டீஸ் வந்தது.

இன்னொன்று. முதலில் அவர்கள் எழுதிக் கொண்டுவந்ததில் 'குழந்தைக்கும் சேர்த்து எதிர்காலத்தில் ஜீவனாம்சம் கோரமாட்டார்' என்று இருந்தது. எங்கள் வக்கீல் ஒரே கோடாக அடித்தார். மகள் தனக்கு வேண்டாம் என்று சொல்லலாம், பிள்ளையின் உரிமையை அவள் விட்டுக்கொடுக்க முடியாது என்றார்.

திருச்சி, பள்ளி ஆசிரியை

ஐயா, நீங்கள் கதவைத் திறக்காததை எழுதியதற்கு நன்றி. எங்கள் வீட்டில் அப்பாவும் ஒரு தடவை அப்படிச் செய்தார்.

தனியாக இரண்டு பேர் பீஸ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். என்னிடம் வாங்கிய தொகையைச் சொல்ல விருப்பமில்லை, ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும். முன்கூட்டியே கேளுங்கள்: ஒப்பந்தம், இரண்டு கையெழுத்து, தள்ளுபடி மனு, டிகிரியின் சான்றிட்ட நகல், எல்லாம் சேர்த்தா, தனித்தனியா? நகலுக்கு விண்ணப்பம் போடுவதை மறந்துவிட்டு, ஒரு வருடம் கழித்து பாஸ்போர்ட்டுக்காக ஓடியவர்கள் இருக்கிறார்கள். கையில் காசே இல்லை என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், கோர்ட் வளாகத்திலேயே இருக்கும். பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு பார்ப்பதில்லை.

கோயம்புத்தூர், ஐ.டி. வேலை

அக்கா, ஒரு கேள்வி. நாமினி எல்லாம் மாற்றிவிட்டீர்களா? பி.எப்., இன்சூரன்ஸ், பேங்க்? டிகிரி வந்தால் அது தானாக மாறாது. எனக்கு ஆபீசில் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது.

திருச்சி, பள்ளி ஆசிரியை

தம்பி, இப்போதுதான் உள்ளே போய்ப் பார்த்தேன். பேங்க்கில் அம்மா பெயர் இருக்கிறது. பி.எப்.பில் இன்னும் அவர் பெயர்தான், உறவு என்ற இடத்தில் 'கணவர்' என்று. நாளைக்கு ஆறாவது பீரியட் எனக்கு வகுப்பு இல்லை. அப்போது மாற்றுகிறேன்.