முட்டி பரவாயில்லை, பயம்தான் போகலை
வணக்கம். போன மாசம் வலது முட்டிக்கு எம்ஆர்ஐ எடுத்தேன். முட்டிக்குள்ள மெத்தை மாதிரி இருக்கற மெனிஸ்கஸ் ஜவ்வுல சின்னக் கிழிசல். ஆபரேஷன் வேண்டாம், தொடைத் தசைக்குப் பயிற்சி செஞ்சா போதும்னு டாக்டர் தெளிவாச் சொல்லிட்டார். வலியே இல்லாதவங்களுக்கும் ஸ்கேன்ல இப்படித் தெரியறதுண்டு. புத்திக்குப் புரியுது, மனசு கேக்கலை.

மாடிப்படி இறங்கும்போது ‘கடக்’னு சத்தம் வந்தா, கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு அங்கேயே நின்னுடறேன். ராத்திரி ரெண்டு முட்டியையும் தொட்டுத் தொட்டு வீக்கம் இருக்கான்னு ஒப்பிட்டுப் பாக்கறேன். கெண்டைக்கால் லேசா இழுத்தாக்கூட ரத்தக்கட்டியோன்னு போன்ல தேட ஆரம்பிச்சுடறேன். தேடத் தேட பயம்தான் ஏறுது. பயந்து நடக்காம இருந்தா தசை இன்னும் இளைக்கும்னும் தெரியும்.

இதைத் தாண்டி வந்தவங்க இருக்கீங்களா? தொட்டுப் பாக்கற பழக்கத்தை எப்படி விட்டீங்க? மனநல ஆலோசகரைப் பாத்தது உதவிச்சா? மருந்து பேர் வேண்டாம், உங்க அனுபவத்தைச் சொல்லுங்க.