ஊக்கமருந்துத் தீர்ப்புகளில் ‘தகுதி நீக்கம்’: ஒரு சொல் போதாது

அன்பர்களுக்கு வணக்கம்.

உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதித்தொகுப்பில் வரும் ‘டிஸ்குவாலிஃபிகேஷன்’, ‘இன்எலிஜிபிலிட்டி’ ஆகிய இரண்டுக்கும் ‘தகுதி நீக்கம்’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொள்ளலாம் என்றும், இடத்தை நோக்கி வாசகர் பொருளைப் புரிந்துகொள்வார் என்றும் இந்த இழையில் சொல்லப்பட்டது. இதை என்னால் ஏற்க முடியவில்லை. செய்தித்தாளின் இரண்டு பத்திச் செய்திக்கு அது போதலாம். ஒருவரின் பதக்கத்தையும் பல ஆண்டு உழைப்பையும் நிர்ணயிக்கும் தீர்ப்பைத் தமிழில் எழுதும்போது போதாது. முதலாவது சொல் நடந்து முடிந்த போட்டியில் ஒருவர் பெற்றதைப் பறிப்பது. இரண்டாவது இனி வரும் காலத்தில் அவரை வெளியே நிறுத்துவது. ஒன்று இல்லாமல் மற்றொன்று வரலாம் என்பதுதான் இங்கே முக்கியம்.

டென்னிஸ் வீரர் யானிக் சின்னரின் வழக்கை எடுத்துக்கொள்வோம். 2024 மார்ச்சில் இண்டியன் வெல்ஸ் போட்டியின்போதும் அதற்குச் சில நாள் கழித்தும் அவரிடம் எடுக்கப்பட்ட இரண்டு மாதிரிகளில் குளோஸ்டெபால் என்ற ஸ்டீராய்டு மிக நுண்ணிய அளவில் காணப்பட்டது. அவருடைய பிசியோதெரபிஸ்ட் தம் விரல் காயத்துக்குத் தெளித்துக்கொண்ட மருந்து, கையுறை இல்லாமல் செய்த மசாஜ் வழியாகச் சின்னரின் உடலுக்குள் சென்றது என்ற விளக்கத்தைத் தனித் தீர்ப்பாயம் ஏற்றது. அவர் பக்கம் பிழையோ கவனக்குறைவோ இல்லை என்ற அதன் முடிவு 2024 ஆகஸ்டில் வெளியானது. ஆனால் இண்டியன் வெல்ஸில் அவர் பெற்ற தரவரிசைப் புள்ளிகளும் பரிசுத் தொகையும் பறிக்கப்பட்டன. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை இதை எதிர்த்து விளையாட்டு நடுவர் தீர்ப்பாயத்துக்கு மேல்முறையீடு செய்தது. விசாரணைக்கு முன்பே, 2025 பிப்ரவரியில் இரு தரப்பும் உடன்பாட்டுக்கு வந்தன. பிப்ரவரி 9 முதல் மே 4 வரை மூன்று மாதம் அவர் விளையாடக் கூடாது என்றும், வேறு எந்தப் போட்டியின் வெற்றியும் பறிக்கப்படாது என்றும் அதில் முடிவானது. முந்தைய ஏப்ரலில் முதற்கட்டமாக அவர் நிறுத்திவைக்கப்பட்டிருந்த நான்கு நாட்கள் இந்த மூன்று மாதக் கணக்கில் கழிக்கப்பட்டன. ஏப்ரல் 13 முதல் முறையான பயிற்சிக்குத் திரும்பவும் அவருக்கு அனுமதி கிடைத்தது.

முதல் தீர்ப்பில் வெற்றி பறிபோனது, ஆனால் வெளியே நிறுத்தப்படவில்லை. பின்னர் வந்த உடன்பாட்டில் வெளியே நிறுத்தப்பட்டார், ஆனால் புதிதாக எதுவும் பறிபோகவில்லை. இடையில் அவர் வென்ற 2024 அமெரிக்க ஓப்பனும் 2025 ஆஸ்திரேலிய ஓப்பனும் அவரிடமே இருக்கின்றன. இவற்றில் பறித்தல், வெளியே நிறுத்துதல் வரும் இடங்களிலெல்லாம் ‘தகுதி நீக்கம்’ என்று எழுதிப் பாருங்கள். 2024 ஆகஸ்டில் அவர் தகுதி நீக்கம் செய்யப்பட்டாரா, இல்லையா என்ற கேள்விக்கு ஆம் என்றும் இல்லை என்றும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். கலைச்சொல் செய்ய வேண்டிய முதல் வேலையே அந்தத் தடுமாற்றத்தைத் தவிர்ப்பதுதான்.

பறிக்கப்படுவதற்கு ‘முடிவு ரத்து’ அல்லது ‘முடிவு நீக்கம்’ என்று நண்பர்கள் இருவர் பரிந்துரைத்தார்கள். நீக்கம் ஆளைச் சாராமல் போட்டியின் விளைவைச் சாரும்படி அமைத்தது நல்ல திருத்தம். ஆனால் தீர்ப்பு மொழியில் ‘முடிவு’ என்ற சொல் ஏற்கெனவே வேறொரு வேலையில் இருக்கிறது. தீர்ப்பாயம் எடுப்பதும் முடிவு. போட்டியில் வருவதும் முடிவு. நீச்சல் வீரர் சுன் யாங்குக்கு 2020 பிப்ரவரியில் விதிக்கப்பட்ட எட்டு ஆண்டுத் தடையை அதே ஆண்டு டிசம்பரில் சுவிட்சர்லாந்து கூட்டாட்சி நீதிமன்றம் விலக்கி, வழக்கை மறுவிசாரணைக்கு அனுப்பியது. இதை ‘சுன் யாங் வழக்கில் முடிவு ரத்து’ என்று எழுதினால், அவருடைய உலகப் பட்டங்கள் பறிபோயின என்று படிப்பவர் நினைக்க இடமுண்டு. உண்மையில் 2019 உலகப் போட்டியில் வென்ற பதக்கங்களை அவர் இழக்கவே இல்லை. அவருக்கு எதிரான தீர்ப்புதான் விழுந்தது. ஒரே சொற்றொடர் நேர் எதிரான இரண்டு செய்திகளைச் சொல்லக்கூடியதாக இருந்தால், அதைத் தீர்ப்பில் வைக்க முடியாது.

ஆகவே ‘பெறுபேறு நீக்கம்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். இலங்கைத் தமிழில் பரீட்சைப் பெறுபேறுகள் என்பது அன்றாட வழக்கு. தமிழ்நாட்டு வாசகருக்கு அது சற்றுப் புதிதாகத் தோன்றினாலும் பொருள் விளங்காமல் போகாது. இந்த இடத்துக்கு அது கூடுதலாகவும் பொருந்துகிறது. விதித்தொகுப்பின் வரையறைப்படி டிஸ்குவாலிஃபிகேஷன் என்பது வெற்றி செல்லாமல் போவது மட்டுமல்ல, அதன் வழியாக வந்த பதக்கம், புள்ளி, பரிசு ஆகிய எல்லாவற்றையும் இழப்பது. ‘பெறுபேறு’ என்ற சொல்லுக்குள் பெற்றவை எல்லாம் அடங்கிவிடுகின்றன. ‘முடிவு’ என்பதைத் தீர்ப்பாயத்துக்கென்றே விட்டுவிடலாம்.

அடுத்தது இன்எலிஜிபிலிட்டி. ‘போட்டித் தடை’ என்ற பரிந்துரை சுருக்கமாகவும் இயல்பாகவும் இருக்கிறது. ஆனால் அது விதியைவிடக் குறுகியது. தடைக்குள்ளானவர் போட்டியில் இறங்கக் கூடாது என்பதோடு விதி நிற்கவில்லை. விதித்தொகுப்பை ஏற்ற அமைப்புகள் நடத்தும் எந்தப் போட்டியிலும் செயல்பாட்டிலும் அவர் எந்தப் பொறுப்பிலும் பங்கேற்கக் கூடாது. அணியோடு சேர்ந்து பயிற்சி செய்வதும் இதில் அடக்கம். தடைக்காலத்தின் கடைசி இரண்டு மாதம் அல்லது கடைசிக் கால் பகுதி, இவற்றில் எது குறைவோ அந்தக் காலத்தில் மட்டும் பயிற்சிக்குத் திரும்பலாம். சின்னருக்கு ஏப்ரல் 13 என்ற தேதி வந்தது அந்தக் கால் பகுதிக் கணக்கில்தான். ‘போட்டித் தடை’ என்று எழுதிவிட்டால், போட்டிதானே கூடாது, பயிற்சி முகாமுக்குப் போகலாம் என்று ஓர் இளம் வீரர் நினைத்துவிடலாம். அப்படிப் போவது தடையை மீறுவதாகும். அதற்குப் புதிய தடைக்காலம் சேரும். மொழிபெயர்ப்பு நெகிழ்ந்ததன் விலையை விளையாடுபவர் கொடுக்கும்படி ஆகக் கூடாது.

‘விலக்கு’, ‘விலக்கம்’ ஆகியவற்றையும் எண்ணிப் பார்த்தேன். தமிழில் விலக்கு என்பது இரு பக்கமும் திரும்பும் சொல். மதுவிலக்கு என்றால் கூடாது என்று பொருள். வரிவிலக்கு என்றால் வேண்டியதில்லை என்று பொருள். இந்தத் துறையில் இரண்டாவது பொருள் தவிர்க்க முடியாத ஓரிடத்தில் அமர்ந்துவிட்டது. நோய்க்காகத் தடைசெய்யப்பட்ட பொருளை எடுத்துக்கொள்ள முன்கூட்டியே தரப்படும் அனுமதியை ‘மருத்துவப் பயன்பாட்டு விலக்கு’ என்கிறோம். அதே ஆவணத்தில் தண்டனையையும் விலக்கு என்றால் ‘விலக்கு பெற்றவர்’ யார் என்பது குழம்பிவிடும். எனவே ‘பங்கேற்புத் தடை’ என்பதே என் பரிந்துரை. முதல் முறை முழுதாக எழுதிவிட்டு, பிறகு ‘தடைக்காலம்’ என்று சுருக்கிக்கொள்வதில் இடர்ப்பாடு இல்லை.

விசாரணை முடியுமுன் முதற்கட்டமாக வீரரை நிறுத்திவைப்பதற்கு நம் பத்திரிகைகள் ‘இடைக்காலத் தடை’ என்றே எழுதுகின்றன. அது நீதிமன்றத்தின் சொல். ஓர் உத்தரவு நடைமுறைக்கு வராமல் நிறுத்துவதே அங்கே இடைக்காலத் தடை. முதற்கட்ட நிறுத்தத்தை எதிர்த்து வீரர் நீதிமன்றத்துக்குப் போய் ஆணை பெற்றால், ‘இடைக்காலத் தடைக்கு இடைக்காலத் தடை’ என்று எழுத நேரும். ‘இடைநிறுத்தம்’ என்று கொண்டால் இந்த மோதல் இல்லை. பணி இடைநிறுத்தம் என்ற வழக்கும் அதற்குத் துணை நிற்கிறது. துப்புக் கொடுத்து உதவிய வீரரின் தண்டனையில் ஒரு பகுதியைச் செயல்படுத்தாமல் வைப்பது வேறு. அதற்கு ‘நிறுத்திவைப்பு’ என்ற நீதிமன்றச் சொல்லே போதும்.

எனக்கு மிகவும் கவலை தருவது பிழை பற்றிய சொற்கள். ‘நோ ஃபால்ட் ஆர் நெக்லிஜென்ஸ்’, அதாவது பிழையோ கவனக்குறைவோ இல்லை, என்ற கண்டறிவைத் தமிழில் ‘குற்றமற்றவர் என விடுதலை’ என்று எழுதும் பழக்கம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. வீரரின் மேல் உள்ள பரிவால் அப்படி எழுதுகிறார்கள் என்பது புரிகிறது. ஆனால் அது உண்மையல்ல. அத்தகைய வழக்கில் விதிமீறல் நடந்தது என்பது அப்படியே நிற்கிறது; போட்டியின்போது எடுத்த மாதிரியில் பொருள் இருந்தால், தனிநபர் விளையாட்டில் அந்தப் போட்டியின் பெறுபேறும் தானாகவே போகிறது. நீங்குவது பங்கேற்புத் தடை மட்டுமே. எதிர்ப்பக்கத்தில், விதிமீறலைக் ‘குற்றம்’ என்று எழுதும்போது வீரரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுகிறோம். இது ஒழுங்கு நடவடிக்கை. குற்றவியல் வழக்கு அல்ல. ஆதலால் குற்றம் என்ற வேரையே தவிர்த்து, நடந்ததை ‘விதிமீறல்’ என்றும், அதில் வீரரின் பங்கைப் ‘பிழை’ என்றும், பங்கே இல்லாத நிலையைப் ‘பிழையின்மை’ என்றும் வகுத்துக்கொள்ளலாம்.

அடுத்த படியில் ஒரு சிக்கல் இருக்கிறது. ‘நோ சிக்னிஃபிகன்ட் ஃபால்ட்’ என்பதற்குப் ‘பெரும்பிழையின்மை’ என்ற பரிந்துரை வந்தது. சேர்த்து எழுதும்போது அது பெரும்பிழை இல்லாமையா, பெரிய அளவிலான பிழையின்மையா என்பது தெரியவில்லை. முன்னதில் தடை குறையும். பின்னதில் தடையே இராது. டென்னிஸ் வீராங்கனை மரியா ஷரபோவாவின் வழக்கு நல்ல உரைகல். மெல்டோனியம் 2016 ஜனவரி 1 அன்றுதான் தடைப்பட்டியலில் சேர்ந்தது. அந்த மாத இறுதியில் ஆஸ்திரேலிய ஓப்பனில் எடுத்த மாதிரியில் அது இருந்தது. இரண்டு ஆண்டாக விதிக்கப்பட்ட தடையை விளையாட்டு நடுவர் தீர்ப்பாயம் 15 மாதமாகக் குறைத்தது. பட்டியலைச் சரிபார்க்காத பிழை அவருக்கு உண்டு, ஆனால் அது பெரிதல்ல என்பதே அதன் அடிப்படை. இதைப் ‘பிழைக்குறைவு’ என்று சொல்லலாம். பிழையின்மைக்குப் பங்கேற்புத் தடை இல்லை. பிழைக்குறைவுக்குத் தடைக்காலம் குறைவு. ‘சிறுபிழை’ என்பது இன்னும் எளிமையாக இருந்தாலும், பிழைக்குறைவு ஏற்கப்பட்ட பிறகும் ஓராண்டுக்கு மேல் தடை நீடிக்கக்கூடும் என்பதால் அந்தச் சொல் நிலைமையை இலேசாக்கிக் காட்டிவிடும்.

இதே வேரிலிருந்து ‘ஸ்ட்ரிக்ட் லயபிலிட்டி’க்கும் சொல் கிடைக்கிறது. ‘கடும் பொறுப்பு’, ‘கண்டிப்பான பொறுப்பு’ ஆகியவை பொறுப்பின் கடுமையைப் பேசுகின்றன; ஆனால் கோட்பாடு கடுமையைப் பற்றியதல்ல. உடலில் பொருள் இருந்தால் போதும். நோக்கம், பிழை, கவனக்குறைவு, தெரிந்தே பயன்படுத்தியது ஆகிய எதையும் மெய்ப்பிக்காமலேயே விதிமீறல் நிலைநாட்டப்படும் என்பதுதான் அது. எனவே ‘பிழைசாராப் பொறுப்பு’. விதிமீறலை நிலைநாட்டப் பிழை தேவையில்லை, தடைக்காலத்தை அளக்கப் பிழை தேவை என்ற இரட்டை நிலையை இந்தச் சொற்களைக் கொண்டு ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட முடிகிறது. இத்தீர்ப்புகளைப் படிப்பவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் அதுதான்.

‘ஊக்கமருந்து’ என்ற சொல்லையே மாற்ற வேண்டும் என்ற வாதத்தில் நான் இறங்கவில்லை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வடகொரியத் துப்பாக்கி வீரர் கிம் ஜோங்-சு இரண்டு பதக்கங்களை இழக்கக் காரணமான புரோப்ரனலால், கை நடுக்கத்தை அடக்கும் மருந்து. ஊக்கத்துக்கு நேர் எதிரானது. ஆனாலும் சொல் நிலைபெற்றுவிட்டது. அதை அசைத்தால் தேடுபவர்களுக்குத்தான் இடைஞ்சல். ஆனால் ‘ஊக்கமருந்து பயன்படுத்தியதற்காக’ என்று எல்லா வழக்கிலும் எழுதுவதை நிறுத்த வேண்டும். ஓட்டவீரர் கிறிஸ்டியன் கோல்மன் தடைசெய்யப்பட்ட எந்தப் பொருளும் உடலில் காணப்படாமலேயே டோக்கியோ ஒலிம்பிக்கை இழந்தார். சோதனைக்காக எங்கே இருப்பார் என்பதை முன்கூட்டியே தெரிவித்து அங்கே இருக்க வேண்டும் என்ற இருப்பிடத் தகவல் விதியில் 12 மாதத்துக்குள் மூன்று முறை தவறியதே அவர்மீதான விதிமீறல். ‘ஊக்கமருந்துத் தடுப்பு விதிமீறல்’ என்ற சற்று நீளமான தொடர் அவருக்கு நியாயம் செய்கிறது. குறுகிய தொடர் செய்யவில்லை.

இந்தச் சொற்கள் ஒன்றாக நின்று தாங்குகின்றனவா என்று பார்க்க, தீர்ப்பின் ஆணைப் பகுதி எப்படி இருக்கும் என்று எழுதிப் பார்த்தேன்:

“விளையாட்டு வீராங்கனை ஊக்கமருந்துத் தடுப்பு விதிமீறல் புரிந்தார் என இத்தீர்ப்பாயம் காண்கிறது. பிழைசாராப் பொறுப்பின் அடிப்படையில் விதிமீறல் நிலைநாட்டப்பட்டுள்ளது. மாசுற்ற துணைஉணவின் வழியே பொருள் உடலில் சேர்ந்தது என்பதை அவர் மெய்ப்பித்துள்ளதால், அவருக்குப் பிழைக்குறைவு ஏற்கப்படுகிறது. பத்து மாதப் பங்கேற்புத் தடை விதிக்கப்படுகிறது. இடைநிறுத்தத்தில் கழிந்த நாட்கள் தடைக்காலத்தில் கழித்துக்கொள்ளப்படும். மாதிரி எடுக்கப்பட்ட போட்டியில் அவர் அடைந்த பெறுபேறு, பதக்கமும் பரிசும் உட்பட, நீக்கப்படுகிறது.”

இதில் எனக்கு இன்னும் நெருடுவது ‘மாசுற்ற துணைஉணவு’ என்ற தொடர்தான். ‘கலப்படம்’ என்றால் வேண்டுமென்றே கலந்தது என்ற பொருள் வந்துவிடும். தொழிற்சாலைக் கலனில் எஞ்சிய துகள் சேர்வதை அது குறிக்காது. ‘மாசுற்ற’ என்பதைவிட நல்ல சொல் தோன்றினால் எழுதுங்கள். மற்ற சொற்களுக்கு மறுப்பு இருந்தால், எந்தத் தீர்ப்பின் எந்த வாக்கியத்தில் அவை இடறுகின்றன என்பதைக் காட்டி எழுதினால் சேர்ந்து திருத்த எளிதாக இருக்கும்.