துப்பாக்கி இல்லாமல் பாய்மரப் படகில் ஏடன் வளைகுடாவைக் கடப்பது எப்படி? உதவி தேவை

நீலத்திசை:
வணக்கம். எங்களுடையது 38 அடி ஃபைபர்கிளாஸ் பாய்மரப் படகு. நானும் மனைவியும் மட்டும்தான் ஓட்டுகிறோம். வருகிற ஜனவரியில் இந்தியப் பெருங்கடலைக் கடந்து, ஏடன் வளைகுடா, செங்கடல் வழியாக மத்தியதரைக் கடலுக்குப் போக எண்ணியிருக்கிறோம். அங்கே சோமாலியக் கடற்கொள்ளையர் பயம் உண்டு என்றாலும், துப்பாக்கி வைத்துக்கொள்வதில்லை என்று இருவரும் முடிவெடுத்துவிட்டோம், அதில் மாற்றமில்லை.

அதற்குப் பதிலாக நான் யோசித்து வைத்திருப்பவை: படகின் ஓரம் முழுக்க முள்கம்பிச் சுருள், துரத்தி வருபவர்களின் புரொப்பல்லரில் சிக்கும்படி பின்னால் மிதக்கவிடும் கயிறுகள், பெப்பர் ஸ்ப்ரே, ஆபத்தில் வானில் ஒளி எழுப்பும் ஃபிளேர் கன். இவற்றில் எது உண்மையில் உதவும்? எஞ்சினை முழுவேகத்தில் ஓட்டினாலும் 6.5 நாட் (மணிக்குச் சுமார் 12 கி.மீ.) வேகத்துக்கு மேல் போகாது.

நங்கூரக்கயிறு:
முதலில் துப்பாக்கி விஷயம். உங்கள் முடிவு சரியானது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்லிவிடுகிறேன். நியூசிலாந்தின் புகழ்பெற்ற பாய்மர வீரர் பீட்டர் பிளேக் 2001 டிசம்பரில் அமேசான் முகத்துவாரத்தில் நங்கூரமிட்டிருந்தபோது கொள்ளையர் ஏறினார்கள். அவர் துப்பாக்கியோடு எதிர்த்தார், அவர்கள் சுட்டதில் உயிரிழந்தார். உடன் இருந்தவர்கள் உயிர் தப்பினார்கள். கையில் ஆயுதம் தெரிந்தால் எதிராளி முதலில் சுடுவது அந்த ஆயுதத்தை நோக்கித்தான்.

இனி உங்கள் பட்டியல். முள்கம்பி, பெரிய கப்பலின் உயரமான பக்கங்களுக்கு உரியது. நம் படகின் தளம் தண்ணீரிலிருந்து ஒரு மீட்டர் உயரம்கூட இருக்காது. முள்கம்பியில் முதலில் கிழிவது உங்கள் பாய், அடுத்தது உங்கள் கை. மிதக்கும் கயிறு துரத்துபவனின் புரொப்பல்லரில் சிக்கலாம். ஆனால் நீங்களே அவசரத்தில் எஞ்சினைப் பின்னோக்கி இயக்கினால் உங்கள் புரொப்பல்லரில் நிச்சயம் சிக்கும். அப்புறம் நடுக்கடலில் அசையாமல் நிற்பது நீங்கள்தான். பெப்பர் ஸ்ப்ரேயைக் காற்று உங்கள் முகத்துக்கே திருப்பும். ஃபிளேர் கன்னைப் பல நாடுகள் துப்பாக்கியாகவே பார்க்கின்றன. தூரத்தில் இருப்பவனுக்கும் அது துப்பாக்கியாகத்தான் தெரியும். அதை ஆபத்துச் சைகைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வலசை:
இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் தம்பி. அந்தப் பகுதியில் வருபவர்கள் திறந்த சிறு படகில் 25 நாட் வரை ஓட்டுவார்கள், கையில் தானியங்கித் துப்பாக்கி இருக்கும். உங்கள் 6.5 நாட் வேகத்தில் தப்பி ஓடுவது நடக்காது. ஃபைபர்கிளாஸ் சுவர் குண்டைத் தடுக்காது. கப்பல்களில் எல்லோரும் ஒரே பாதுகாப்பு அறைக்குள் புகுந்து பூட்டிக்கொண்டு கடற்படைக்காகக் காத்திருப்பார்கள். உங்கள் கேபின் அந்த வேலைக்கு ஆகாது.

ஜனவரி என்கிறீர்கள். வடகிழக்குப் பருவக்காற்றில் கடல் அமைதியாக இருக்கும் என்று பாய்மரக்காரர்கள் அந்த மாதங்களைத் தேர்ந்தெடுக்கிறோம். அதே அமைதிதான் கொள்ளையரின் சிறு படகுகளுக்கும் தேவை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்றில் அவர்கள் திணறுவார்கள், நாமும் திணறுவோம். ஆக, நமக்கு நல்ல காலம் அவர்களுக்கும் நல்ல காலம். இதை வரைபடத்தின் முன் உட்கார்ந்து இருவரும் நிதானமாகப் பேசுங்கள்.

2009 அக்டோபரில் செஷல்ஸிலிருந்து பாய்மரப் படகில் கிளம்பிய ஒரு பிரிட்டிஷ் தம்பதி பிடிபட்டு, 2010 நவம்பரில்தான் விடுதலையானார்கள். 2011 பிப்ரவரியில் குவெஸ்ட் என்ற பாய்மரப் படகில் பிடிபட்ட நான்கு அமெரிக்கர்களும் கொல்லப்பட்டார்கள், அமெரிக்கக் கடற்படைக் கப்பல்கள் அருகிலேயே இருந்தும். உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. அவர்களும் அனுபவம் உள்ளவர்கள்தான், நம்மைப் போலவே சிறிய படகில் போனவர்கள்தான்.

நீலத்திசை:
உண்மையைச் சொன்னதற்கு நன்றி அக்கா. ஆனால் 2011-க்குப் பிறகு சோமாலியக் கொள்ளை அடங்கிவிட்டது என்று படித்தேனே?

வலசை:
பல ஆண்டுகள் அடங்கியிருந்தது உண்மை. 2023 டிசம்பரில் ரூவன் என்ற சரக்குக் கப்பலைப் பிடித்தார்கள், 2024 மார்ச்சில் இந்தியக் கடற்படைதான் மீட்டது. செங்கடலில் 2023 நவம்பரிலிருந்து யேமனின் ஆயுதக் குழுவான ஹூதிகள் கப்பல்களைத் தாக்கினார்கள், அது வேறு வகை ஆபத்து. கப்பல் துறை வெளியிட்ட பாதுகாப்பு வழிகாட்டிகளே, தனியார் பாய்மரப் படகுகள் அந்தப் பகுதிக்குள் வர வேண்டாம் என்று வலியுறுத்தின.

வழி இரண்டு இருக்கிறது. படகைச் சரக்குக் கப்பலில் ஏற்றி அனுப்பிவிட்டு நீங்கள் விமானத்தில் போகலாம். இல்லையென்றால் ஆப்பிரிக்காவின் தெற்கே நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகலாம். அந்தக் கரையோரம் ஓடும் அகுலாஸ் நீரோட்டத்துக்கு எதிராகத் தென்மேற்குக் காற்று எழுந்தால் அலை கொடூரமாகிவிடும், சரியான வானிலைக்காகக் காத்திருக்க வேண்டும். ஆனால் வானிலையைக் கணிக்கலாம், பொறுத்திருந்து கடக்கலாம்.

நங்கூரக்கயிறு:
அப்படியும் அந்த வழியேதான் என்றால், நுழைவதற்கு முன்பே பிரிட்டிஷ் கடற்படை நடத்தும், கப்பல்களுக்கான பாதுகாப்புத் தகவல் மையமான யூகேஎம்டிஓ-வில் பதிவு செய்து, தினமும் உங்கள் இடத்தைத் தெரிவியுங்கள். சாட்டிலைட் போனில் அந்த எண்ணை முன்கூட்டியே சேமியுங்கள். கோலாலம்பூரில் ஐஎம்பி-யின் (சர்வதேசக் கடல்சார் பணியகம்) கடற்கொள்ளை அறிவிப்பு மையம் 24 மணி நேரமும் இயங்குகிறது, அந்த எண்ணும் இருக்கட்டும். படகின் விஎச்எஃப் ரேடியோவில், அபாய அழைப்புக்கான சானல் 16-ஐ இருவருமே பயன்படுத்தத் தெரிந்திருக்க வேண்டும். அதே ரேடியோவில் தானாக அபாயச் செய்தி அனுப்பும் டிஎஸ்சி பொத்தானை உங்கள் மனைவியும் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தத் தெரிந்திருக்கட்டும்.

படகின் இடத்தை மற்றக் கப்பல்களுக்கு ஒலிபரப்பும் ஏஐஎஸ் கருவியை அணைக்கச் சொல்பவர்கள் உண்டு. என் கருத்து, அணைக்காதீர்கள். கொள்ளையர் பெரும்பாலும் கண்ணால் பார்த்துத்தான் வருகிறார்கள். உங்களைத் தேடி வரும் போர்க்கப்பலுக்கோ அந்தப் புள்ளி தேவை. இரவில் சரக்குக் கப்பல் உங்கள்மேல் மோதாமல் இருக்கவும் அது உதவும்.

நெருங்கி வருவதெல்லாம் கொள்ளைப் படகல்ல. வலையை அறுத்துவிடாதே என்று சொல்ல மீனவர்கள் வேகமாக வருவார்கள், சிலரிடம் துப்பாக்கியும் இருக்கும். படகில் வலை கிடக்கிறதா, ஏணியும் கொக்கியும் கிடக்கின்றனவா என்று பைனாகுலரில் பாருங்கள். ஏறியே விட்டார்கள் என்றால் கைகளைத் தெரியும்படி வைத்து, கேட்டதைக் கொடுத்துவிடுங்கள்.

ஆலா:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நம்மைப் போன்றவர்களுக்கு அடிக்கடி நேர்வது நங்கூரமிட்ட இடத்தில் நடக்கும் இரவுத் திருட்டுதான். ஒரு முறை தூக்கத்தில் தளத்தில் காலடிச் சத்தம் கேட்டு நானே கதவைத் திறந்துகொண்டு மேலே போனேன். அவன் பயந்து குதித்துவிட்டான். ஆனால் நான் செய்தது பெரிய தவறு, அவன் கையில் கத்தி இருந்தது. அதன்பிறகு கேபின் கதவுக்கு உள்ளிருந்து பூட்டும் ஸ்டீல் கிரில் போட்டேன். தளத்தில் அசைவு உணரும் விளக்கு, படுக்கைக்கு அருகில் ஏர் ஹார்ன். சத்தம் கேட்டால் உள்ளேயே இருந்து விளக்கை எல்லாம் எரியவிட்டு ஹார்னை அடிப்பேன், வெளியே போவதில்லை. கரைக்குப் போகும் சிறு படகான டிங்கியை இரவில் தண்ணீரில் விடுவதே இல்லை, தூக்கிக் கட்டிவிடுவேன்.

நீலத்திசை:
அனைவருக்கும் நன்றி. நேற்று இரவு மனைவியோடு உட்கார்ந்து பேசினோம். செங்கடல் திட்டத்தைக் கைவிட்டுவிட்டோம். படகைக் கப்பலில் ஏற்றுவதா, தெற்கே சுற்றுவதா என்பதை மட்டும் முடிவு செய்ய வேண்டும். ஆலா, அந்த கிரில் பற்றி ஒரு சந்தேகம்: உள்ளே தீப்பிடித்தால் எப்படி வெளியே வருவது?

ஆலா:
சாவி வேண்டாம், உள்ளிருந்து கையாலேயே திறக்கும் தாழ்ப்பாள் போடுங்கள், வெளியிலிருந்து கை நுழைத்தால் எட்டாத இடத்தில். முன் ஹேட்சுக்கும் (முன்தளத்தில் திறக்கும் மூடி) அதே மாதிரிதான். பொருத்தியதும் இருவரும் இருட்டில் திறந்து பாருங்கள். எனக்கு முதலில் 20 வினாடி ஆனது, தாழ்ப்பாளைக் கீழே இறக்கிய பிறகு 5 வினாடியில் வெளியே வந்துவிடுகிறேன்.