புதுப்பிப்பு: தோலுடைக்கு மேலே அணியும் மழையுடை

மோட்டார் சைக்கிளில் போகும்போது தோல் ஜாக்கெட்டுக்கும் தோல் காற்சட்டைக்கும் மேலே எந்த மழையுடை பொருந்தும் என்று ஐப்பசியில் இங்கே கேட்டிருந்தேன். ஒற்றையுடையா, மேலும் கீழுமாக இரண்டா என்பதில் பதில்கள் பிரிந்து நின்றன. நான் இரண்டாக உள்ளதையே வாங்கினேன்; மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்கு அடைமழையில் இரண்டு மாதம் வேலைக்குப் போய்வந்த பின்னர் இதை எழுதுகிறேன்.

கடையில் நின்றபடி போட்டபோது அளவாக இருந்த உடை, வண்டியில் குனிந்து அமர்ந்ததும் மணிக்கட்டிலும் கணுக்காலிலும் மேலேறிவிட்டது. ஆகவே தோலுடையுடன் வண்டியிலேயே அமர்ந்து பார்த்து, இரண்டு அளவு பெரியதை எடுத்தேன். உடையைப் புரட்டி, தையல்களின் உட்புறத்தில் நாடா ஒட்டியிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். துணி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், ஊசித் துளைகள் திறந்திருந்தால், இருக்கையில் தேங்கும் நீர் நமது எடையின் அழுத்தத்தால் கவட்டுத் தையல் வழியே உள்ளே ஏறிவிடும். என் பழைய உடை முதலில் கைவிட்டதும் அங்கேதான்.

மழையுடையின் வலது காலின் கீழ்ப்பகுதி சைலன்சரில் பட்டு, நாணயம் அளவுக்கு உருகிச் சுருங்கிவிட்டது. இப்போது அவ்விடத்தை வெல்க்ரோ பட்டியால் இறுக்கிக் கட்டுகிறேன். கையுறையின் விளிம்பை மழையுடையின் கைக்குள் விட வேண்டும், இல்லாவிட்டால் வழியும் நீர் முழுவதும் விரல்களுக்கே போகும்.

வழியில் உள்ள களுவாஞ்சிக்குடியில் மழை விட்டால் மேலுடையை மட்டும் கழற்றிவிடலாம். வியர்வையில் தோலுடை ஊறாமலிருக்க இது பெரிதும் உதவுகிறது. அப்படியும் ஈரமான ஜாக்கெட்டை வெயிலில் போடாமல் நிழலில் காயவைத்து, பின்னர் தோலுக்குரிய எண்ணெய் பூசுகிறேன்.